நைனாவின் கணக்கில் சத்தம் வரவில்லை

என் நைனாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தெலுங்கு எழுதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது. வீட்டில் நாங்கள் பேசியது தமிழ். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குடிபாலா பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களில் இது ஒன்றும் புதுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதிப்போட்டது தெலுங்கு. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவருக்கு மிஞ்சியதும் அந்த எழுத்துத்தான். அம்மா எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. ரேஷன் கடையில் கைநாட்டு. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

நைனா சித்தூரில் ஒரு கிரானைட் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் கல்லுக்குப் பாலிஷ் போட்டார். அவருடைய அப்பா காலத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நைனா காலத்தில் அரசாங்கப் பட்டாவில் ஒரு ஏக்கர் மேட்டு நிலம் வந்தது. அதில் வேர்க்கடலை போடுவதும் இரண்டு மாடுகளைப் பார்ப்பதும் அம்மாவின் வேலை. சாயங்காலம் பஸ் இறங்கி வந்ததும் நைனா வாசல் கல்லில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்தது பூராவும் அம்மாவிடம் சொல்வார். பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், லாரியில் ஏற்றும்போது எந்தக் கல்பலகை உடைந்தது, மேஸ்திரி யாரைத் திட்டினான், எல்லாம். அம்மா தவிடு கலக்கிக்கொண்டோ அரிசி களைந்துகொண்டோ ‘ம்’ கொட்டுவாள். அவ்வளவுதான். அவர் பேசுவார், அவள் கேட்பாள். இருபத்தெட்டு வருஷம் அவர்கள் குடித்தனம் நடத்தியது இப்படித்தான்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் புரிந்தது. நைனாவுக்கு எழுத வரும், அம்மாவுக்குப் படிக்க வராது. கையால் ஜாடை காட்டினால் அம்மா தண்ணீர் கேட்கிறாரென்று தண்ணீர் கொண்டுவருவாள், அவர் இல்லை என்று தலையாட்டுவார். மோர் கொண்டுவருவாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். நைனா சீட்டில் எழுதிக் காட்டினார்: பெண்டாட்டியிடம் பேசுவதற்கு நடுவில் இன்னொருத்தர் எதற்கு.

நான் திருப்பதிக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் டெக்னீஷியன். திருச்சானூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போய் அங்கிருந்து காலேஜ் பஸ். எங்கள் லேபில் எல்லாம் லினக்ஸ். அந்த அறுபது மெஷினுக்கும் யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வைப்பதுதான் என் பிழைப்பில் பாதி.

லினக்ஸில் கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு சாதனமும் ஒரு கோப்பாகத் தெரியும். ஸ்பீக்கர் ஒரு கோப்பு, கேமரா ஒரு கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமையாளர், ஒரு குழு. மற்றவர்கள் எல்லாம் வெளியாட்கள். வெளியாள் தொட்டால் அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு மெஷின் சும்மா இருந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் சின்ன சர்க்யூட் போர்டுகளைச் செருகிவிட்டு, “மேடம், பர்மிஷன் டினைட்னு வருது” என்று வந்து நிற்பார்கள். அவர்களில் யாராவது இணையத்தில் பார்த்து அந்தக் கோப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டிருப்பார்கள். நான் திட்டுவேன். அப்படித் திறப்பது மெஷினை அணைக்கிற வரைக்கும்தான். அணைத்துப் போட்டால் அந்தக் கோப்புகள் புதிதாக உண்டாகும், பழைய கட்டுப்பாட்டோடு. சரியான வழி, ஆளை அந்தக் குழுவில் சேர்த்துவிடுவது. சேர்த்தபின் ஒருமுறை வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். பிறகு எத்தனை முறை அணைத்தாலும் கவலையில்லை. இதை நான் போர்டில் எழுதிப் போட்டே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நைனாவுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக்கொடுத்துப் பார்த்தேன். கல் தேய்த்துத் தேய்த்து அவர் விரல் நுனியில் ரேகையே இல்லை. தொட்டால் அந்தக் கண்ணாடிக்குத் தெரியவில்லை. பத்துத் தடவை அழுத்திவிட்டு என் மடியில் வைத்துவிட்டார். பிறகுதான் லேபில் கழித்துப்போட்ட ஒரு பழைய லேப்டாப்பை எச்.ஓ.டி.யிடம் கேட்டு வாங்கினேன். நல்ல கனமான பொத்தான்கள். உள்ளே இருந்த தேவையில்லாததையெல்லாம் எடுத்துவிட்டு, மெதுவான அந்த மெஷின் தாங்குகிற அளவுக்கு லினக்ஸைச் சின்னதாக்கினேன். பொத்தான்களின் மேல் தெலுங்கு எழுத்துகளை வெட்டி ஒட்டினேன். எழுதி என்டர் தட்டினால் மெஷின் வாய்விட்டுப் படிக்கும். நைனா தெலுங்கு எழுத்தில் தமிழை எழுதுவார், மெஷின் தெலுங்கு என்று நினைத்துப் படிக்கும், அம்மா காதில் தமிழ் விழும். இந்த வழி எனக்குத் தோன்றிய அன்று காலேஜ் பஸ்ஸில் எனக்கே சிரிப்பு வந்தது.

அவருக்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்தேன். என் கணக்கில் எல்லா அதிகாரமும் உண்டு, அவருடையது சாதாரணக் கணக்கு. தெரியாமல் எதையாவது அழித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். எழுதுவதையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும்படியும் செய்தேன். அடிக்கடி சொல்கிற வாக்கியத்தை மறுபடி எழுதாமல் மேல் அம்பைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் செத்திருந்ததால் ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒயரில் மாட்டினேன். என் கணக்கில் தட்டிப் பார்த்தேன், பேசியது. பிறகு நைனாவின் கணக்கைத் திறந்து அவரை உட்காரவைத்தேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு வரி எழுத அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. என்டர் தட்டினார். சத்தம் வரவில்லை. ஆங்கிலத்தில் அந்த வரி வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காரணம் எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஒலிக்கான குழுவில் அவர் கணக்கைச் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்துவிடலாம். ஆனால் அவர் வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும், எழுதியதை எல்லாம் மூட வேண்டும். பத்து நிமிஷம் பாடுபட்டவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு திரையில் என் கணக்கில் போய் ஸ்பீக்கரை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். பிள்ளைகளை எதற்குத் திட்டுவேனோ அதைத்தான் செய்தேன்.

“இப்பத் தட்டு நைனா,” என்றேன்.

“ஏமே, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா,” என்றது மெஷின்.

தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ஆண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல். அடுப்பங்கரையிலிருந்து அம்மா கையில் கரண்டியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள்.

“இது ஆரு, தெலுங்குக்காரரு மாரி பேசறது?”

“நைனாதாம்மா.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெஷினைப் பார்த்தே பதில் சொன்னாள். “காட்டிட்டேன். ரெண்டுத்துக்கும் காட்டிட்டேன்.”

அன்றைக்கு நைனா எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டையே அங்கே கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர், நர்ஸ், கேன்டீன் இட்லி என்று இரண்டு மாதத்துக் கதையை ஒரு விரலால் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டு ‘ம்’ கொட்டினாள். நடுவில் நிறுத்தச் சொல்லி அந்தக் குழு வேலையை முடித்துவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். கிளம்பும்போது செய்துகொள்ளலாம் என்று விட்டேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “அணைக்காதீங்க, அப்பிடியே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு ஓடினேன். சித்தூர் தாண்டுவதற்குள் மறந்தும் போனேன்.

மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. சின்ன பவர்கட்டுகளை லேப்டாப்பின் பாட்டரி தாங்கிக்கொண்டது. நான் போன் செய்தால் நைனா போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, “சோறு துன்னியா,” என்று மெஷின் குரலில் கேட்பார். மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் காற்றும் மழையும் அடித்து எங்கள் ஊர்க் கம்பம் விழுந்தது. அடுத்த நாள் மத்தியானம் வரை கரண்ட் இல்லை. பாட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தது.

கரண்ட் வந்த அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். நான் லேபில் இருந்தேன். செமஸ்டர் பிராக்டிகல், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“பாப்பா, மிஷின்ல சத்தம் வர்ல. நைனா தட்டித் தட்டிப் பாக்கறாரு.”

“ஸ்பீக்கர்ல செவப்பு லைட்டு எரியுதா?”

“எரியுது.”

“அணச்சிட்டுத் திருப்பிப் போடச் சொல்லும்மா.”

“ரெண்டு தபா போட்டாச்சு.”

“அப்ப ஸ்பீக்கரு போயிருக்கும். நான் புதுசு வாங்கினு வரேன். எக்ஸாம் நடந்துகினு கீது, அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்.”

“சரே.” ஆனால் போனை வைக்கவில்லை. “நேத்து வேலூரு போய்ட்டு வந்தோம் இல்ல, அதுலேர்ந்து அவரு மூஞ்சி ஒரு மாரி கீது. இன்னாவோ சொல்ல வராரு.”

“வந்து பாக்கறேம்மா,” என்றேன்.

லேபில் ஒரு பிள்ளை வந்து மெஷின் வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் கேட்பது, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். அம்மாவிடம் அதைக் கேட்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கேட்கத் தோன்றவில்லை. திருச்சானூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மூன்று மணி நேரம். ஒரு நாள் லீவு கேட்டிருந்தால் எக்ஸாம் நின்றுவிடாது. நான் கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துப் புது ஸ்பீக்கரோடு போனேன். நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையணைக்கு அடியிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பென்சிலால் ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருந்தன. ஆங்கிலம் தெரியாதவர், திரையில் வந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, வளைவு நெளிவு மாறாமல் வரைந்து வைத்திருந்தார். நான் கேட்பேன் என்று நினைத்திருக்கிறார். பர்மிஷன் டினைட் என்று இருந்தது. புது ஸ்பீக்கரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

என் கணக்கில் போய் ஒரே ஒரு வரி எழுதினேன். அவரைக் குழுவில் சேர்த்தாயிற்று. அணைத்துப் போட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சத்தம் வருகிறதா என்று பார்க்க அவர் பழைய வாக்கியம் ஒன்றை எடுக்கலாமென்று, அவர் எழுதியதெல்லாம் சேர்ந்திருந்த கோப்பைத் திறந்தேன்.

கரண்ட் வந்த அந்தச் சாயங்காலத்திலிருந்து ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. ‘ஏமே, ஒன்னு சொல்லணும், ஒக்காரு.’ பதினோரு தடவை. நடுவில் மெஷின் அணைந்து எழுந்திருக்கிறது, மறுபடி அதே வரி. அதற்குக் கீழே நீளமாக வேறு:

‘வேலூர்ல நீ மருந்து வாங்கப் போனப்போ டாக்டரு சொன்னாரு. மறுபடியும் வந்துகீதாம். நெஞ்சுக்கு எறங்கிட்ச்சாம். இனிமே ஆபரேசன் இல்ல. மூணு மாசம் இருக்கலாம்னாரு. நீ அழுவாத. ஒங்கிட்ட சொல்லாம எனக்கு இருக்க முடியல.’

அத்தோடு கோப்பு முடிந்திருந்தது. பிறகு ஒன்பது நாளும் ஒரு எழுத்துகூட இல்லை. சத்தம் வராது என்று தெரிந்தும் அந்த நீளமான வரிகளை ஏன் எழுதினாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நைனா என் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் படித்துவிட்டதை அவர் பார்த்துவிட்டார். அம்மா அடுப்பங்கரையில் எனக்காக மீன் கழுவிக்கொண்டிருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது. நைனா கையை நீட்டி ஸ்பீக்கர் பொத்தானை அணைத்தார். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதினார். நான் திரையைப் பார்த்தபடி நின்றேன்.

‘அம்மாகிட்ட சொல்லாத.’

“நீயே சொல்ல வந்த இல்ல நைனா,” என்றேன், மெதுவாக.

‘அன்னிக்கி தைரியம் வந்துச்சு. இப்ப இல்ல.’ கொஞ்சம் யோசித்து மறுபடி எழுதினார். ‘சொன்னா வேலய விட்டுட்டுப் பக்கத்துலயே ஒக்காந்து என் மூஞ்சிய பாத்துக்கினு இருப்பா. என்னால தாங்க முடியாது.’

பிறகு ஸ்பீக்கரைப் போட்டார். “ஏமே, கொழம்பு ஆச்சா,” என்றது மெஷின்.

உள்ளேயிருந்து அம்மா சிரித்தது கேட்டது. “வந்துட்ச்சா பேச்சு. இருய்யா, இப்பதான் வெக்கறேன்.”

நான் சொல்லவில்லை.

அந்த ஜூனிலும் ஜூலையிலும் சித்தூர்ப் பக்கம் மாம்பழ ஜூஸ் ஃபேக்டரிகளில் ஆள் எடுத்தார்கள். அம்மா தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் போய் மாம்பழம் பொறுக்கிவிட்டு இருட்டும் நேரத்துக்கு வருவாள். நைனா பகல் பூராவும் தனியாக இருந்தார். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஞாயிறன்றும் ஃபேக்டரி உண்டு. அம்மா வேனேறியதும் நைனா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எனக்கு எழுதுவார். முதுகில் எங்கே வலிக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது, மாட்டை யாருக்குக் கொடுக்கலாம், கடலை அறுப்புக்கு யாரைக் கூப்பிடலாம். நான் படிப்பேன். அம்மா வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, “பாகனே கீறேன், நீ துன்னுட்டுப் படு,” என்று, நன்றாகவே இருப்பதாகச் சொல்வார்.

சொந்தக் குரலில் சொல்லியிருந்தால் அம்மா கண்டுபிடித்திருப்பாள். அவர் சளி பிடித்த அன்றைக்கே வாசலில் கூப்பிடும் குரலை வைத்துக் கஷாயம் போடுகிறவள் அவள். மெஷினுக்கு எல்லாம் ஒரே குரல். புரட்டாசியில் திருச்சானூருக்கு வந்து என் அறையில் தங்கி, அம்மனைப் பார்த்துவிட்டு, படியேறி மலைக்கு நடந்தே போவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். “ரெண்டு பேரும் மெல்ல ஏறலாம். நீ முடியலன்னா நடுவுல ஒக்காந்துக்கலாம்,” என்பாள். “போலாம்,” என்று மெஷின் சொல்லும். ஒருமுறை அம்மா என் பக்கம் திரும்பி, “எந்துக்குப் பாப்பா நீ ஒன்னும் சொல்ல மாட்டேன்ற? லீவு கெடைக்காதா?” என்று கேட்டாள். “கெடைக்கும்மா,” என்றேன்.

ஆடி மாதம் நடுவில் நைனாவுக்கு மூச்சு முட்டியது. அம்மா வேலூருக்குக் கூட்டிப்போனாள், நான் திருப்பதியிலிருந்து நேராகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இளம் டாக்டர் ஒருவர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தப்பாக எதுவும் நினைக்காமல் சொன்னார்: “மே மாசமே இவர்கிட்ட விளக்கமா சொல்லியிருக்காங்களே, அம்மா. இது எதிர்பார்த்ததுதான்.”

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு வராண்டாவுக்கு வந்தாள். நானும் வந்தேன்.

“ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நைனா ஒருபோதும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.

“தெரியும்மா,” என்றேன்.

அம்மா உள்ளே போய் நைனாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த நான்காம் நாள் காலையில் அவர் போனார். அந்த நான்கு நாளும் அவருக்கு எழுதுகிற தெம்பு இல்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பயந்த அளவுக்கு அது தாங்கமுடியாததாக எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகுதான் அம்மா பேசினாள். மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டு ஈரக் காலோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ரெண்டர மாசம் இருந்துச்சு. அத்த நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கினீங்க. நான் மாம்பழம் பொறுக்கினு இருந்தேன்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. அப்போதுதான் மிச்சத்தையும் சொன்னேன். சத்தம் வராத அந்த நாளில் நைனா சொல்ல வந்தது இதைத்தான் என்றும், சத்தம் வராததற்குக் காரணம் ஸ்பீக்கர் இல்லை, நான் என்றும் சொன்னேன். ஸ்பீக்கரை யார் தொடலாமென்று மெஷினுக்குச் சொல்லிவைக்க வேண்டும், நான் அன்றைக்கு மட்டும் செல்லுகிற மாதிரி சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டேன் என்று, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

“அவரு சொல்ல வந்தாரா?” என்று கேட்டாள்.

“பதினோரு தபா தட்டிகீறாருமா.”

“நான் இங்கியேதான் நின்னுகினு இருந்தேன். தட்டறாரு, என்னப் பாக்கறாரு, தட்டறாரு. எதோ கோவம்னு நெனச்சேன்.” மெஷின் பக்கம் திரும்பினாள். “அதுல இன்னா எழுதிகீறாரு?”

மெஷினைப் போட எழுந்தேன்.

“அது வேணாம். நீ படி.”

திரையைப் பார்த்து நான் படித்தேன். நீ மருந்து வாங்கப் போனப்போ டாக்டரு சொன்னாரு என்பதிலிருந்து, ஒங்கிட்ட சொல்லாம எனக்கு இருக்க முடியல என்பது வரை. என் குரல் இரண்டு இடத்தில் நின்றது. அம்மா மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். 

“அத்த சரி பண்ண எத்தினி நேரம் ஆச்சு ஒனக்கு?” என்று முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள்.

“ரெண்டு நிமிஷம்.”

“மொதோ நாளே பண்ணியிருக்கக் கூடாதா?”

“அவரு பேசிக்கினு இருந்தாரு. நிறுத்தச் சொல்ல மனசு வர்லமா.”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அது தெரியாம நடந்தது. அதுக்கு நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். அப்பால தெரிஞ்சிக்கினு எம்மூஞ்சியப் பாத்து ஞாயித்துக்கு ஞாயிறு துன்னுட்டுப் போனியே, அதுதான்.”

நைனா சொல்லக்கூடாதென்று சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவர் சொல்ல வந்தவர். நான் சொல்லாமல் இருந்தவள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மா மாடுகளை விற்கவில்லை. கடலை போட்டாள், அறுத்தாள். புரட்டாசியில் மலைக்குப் போகவில்லை, என் அறைக்கும் இதுவரை வரவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. நான் மாதம் இரண்டு முறை போகிறேன், மீன் வாங்கிவைக்கிறாள். தினமும் ஏழரை மணிக்குப் போன் பேசுகிறோம். மாட்டுக்குக் காய்ச்சல், போர் மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டில் கல்யாணம் என்று அவளேதான் இப்போது எல்லாம் சொல்கிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றி நான் எது சொன்னாலும் மட்டும் ஒரு நொடி நிறுத்திவிட்டு, “நெஜமா?” என்பாள். சம்பளம் வந்துவிட்டது, நெஜமா? தலைவலி போய்விட்டது, நெஜமா?

போன வாரம் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்திருந்தேன். சரியாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே சாப்பிட்டிருந்தேன்.

“வீட்டுக்காரம்மா இருக்கறாங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“இருக்கறாங்க.”

“போன அவங்ககிட்ட குடு.”

நான் வெளியே போய், துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாளிடம் போனைக் கொடுத்தேன். அம்மா அவரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போனில் சொன்னார்:

“தினிந்தம்மா. இப்புடே தினிந்தி. நேனு சூசானு.” சாப்பிட்டாள், இப்போதுதான் சாப்பிட்டாள், நான் பார்த்தேன்.

மறுமுனையில் அம்மா நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.